"கடன் இருந்தா காத்தடிச்சாலும் போவாக டீச்சர்": கதையின் கருத்தைப் பிள்ளைகள் கண்டுகொள்வது எப்படி?

மண்டபம் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்தில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பள்ளி, பிள்ளைகள் யாரென்று தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவரிடம் நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் இருக்கின்றன. பெரும்பாலும் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். சில வீடுகளில் அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறார். கதை நேரம் என்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் கதை முடிந்ததும் "இந்தக் கதை நமக்கு என்ன சொல்லுது?" என்று கேட்டால் இரண்டே வகைப் பதில்கள் வருகின்றன. சிலர் கதையை முதலிலிருந்து மறுபடி ஒப்பிக்கிறார்கள். மற்றவர்கள் எந்தக் கதைக்கும் "ஒற்றுமையே பலம்" அல்லது "உண்மையே பேச வேண்டும்" என்கிறார்கள்.

சென்ற மாதம் ஒரு கதை சொல்லியிருக்கிறார். ஒரு மீனவருக்கு மூன்று நாளாக வலையில் ஒன்றும் படவில்லை. நான்காம் நாள் காற்று மாறுகிறது. பெரியவர்கள் போக வேண்டாம் என்கிறார்கள். அவர் கேட்காமல் தன் வத்தையை, அதாவது சிறு படகைத் தள்ளிக்கொண்டு போகிறார். மீன் நன்றாகப் படுகிறது. திரும்பாமல் "இன்னும் ஒரு வலை" என்று நிற்கிறார். காற்றில் வத்தை கவிழ்கிறது. பக்கத்து ஊர்க்காரர்கள் அவரைக் கரை சேர்க்கிறார்கள். ஆசிரியை எதிர்பார்த்த பதில் "பேராசை பெருநஷ்டம்". ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "கடன் இருந்தா காத்தடிச்சாலும் போவாக டீச்சர்" என்றிருக்கிறான். வகுப்பு சிரித்தது. "அது பதில் இல்லப்பா" என்று சொல்லிவிட்டு இவர் கரும்பலகையில் பழமொழியை எழுதிப் போட்டிருக்கிறார். அன்றிலிருந்து அந்தப் பையன் கதை நேரத்தில் வாய் திறப்பதில்லை. அதே வகுப்பில் ஒரு பெண்பிள்ளையின் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர். கதை முடியும்வரை அவள் குனிந்த தலை நிமிரவில்லை.

ஆசிரியையின் கேள்விகள் இவை: பையன் சொன்னது தவறுதானே? பலர் இன்னும் அரும்பு என்ற தொடக்க வாசிப்பு நிலையில் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கும்போது மையக்கருத்தெல்லாம் அவசரமா? புத்தகமே இல்லாத, படிக்காத பெற்றோர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது வருமா? ஒவ்வொரு கதைக்கும் நீதியை எழுதிப்போட்டு மனப்பாடம் செய்ய வைத்தால் தேர்வில் மதிப்பெண் கிடைக்கும் என்கிறார் தலைமையாசிரியர், அப்படியே செய்துவிடலாமா? கடைசியாக, "கதை சொல்லியே பொழுதைப் போக்குறீங்க" என்று குறைப்பட்ட ஒரு தாய்க்கு என்ன பதில் சொல்வது?

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தப் பையன் சொன்ன ஒரு வரியை நீங்கள் கடிதத்தின் பின்பகுதியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கடிதத்திலேயே பெரிய விஷயமாகப் பட்டது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பையன் சொன்னது தவறா?

தவறில்லை. ஆனால் பாதியில் நிற்கும் பதில். அதை முழுசாக்க அவனுக்கு உங்கள் கை தேவைப்பட்டது.

மற்றப் பிள்ளைகள் மீனவர் என்ன செய்தார் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, இவன் அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று யோசித்திருக்கிறான். கதையில் கடன் என்ற சொல்லே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். ஆனால் "மூன்று நாளாக வலையில் ஒன்றும் படவில்லை" என்ற வரி இருக்கிறதே! மூன்று நாள் மீன்பாடு இல்லையென்றால் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். டீசல் போட்ட காசு, வியாபாரியிடம் வாங்கிய முன்பணம், அம்மாவின் மகளிர் குழுக் கடன் தவணை எல்லாம் அவன் காதில் விழுந்துகொண்டே இருப்பவை. கதை சொல்லாமல் விட்ட இடத்தைத் தனக்குத் தெரிந்ததைக்கொண்டு நிரப்பியிருக்கிறான். நல்ல வாசகர்கள் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள்.

அந்த நேரத்தில் நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: "கதையில எந்த இடத்துல உனக்கு அப்படித் தோணுச்சு?" அவன் அந்த மூன்று நாளைக் காட்டியிருப்பான். அடுத்து, "அப்போ இந்த மீனவருக்கு மட்டும்தானா, எல்லாருக்குமா?" என்று கேட்டால், "ரொம்ப முடையா இருந்தா ஆபத்துன்னு தெரிஞ்சும் இறங்கிருவாக" என்கிற இடத்துக்கு அவனே வந்திருப்பான். அது முழுமையான மையக்கருத்து.

இப்போது உங்கள் பதிலைப் பார்ப்போம். "பேராசை பெருநஷ்டம்" என்பதற்கும் கதையில் ஆதாரம் உண்டு. நிறைய மீன் பட்ட பிறகும் "இன்னும் ஒரு வலை" என்று நின்றாரே, அந்த இடம். ஆனால் கதையின் முதல் பாதிக்கு அது பொருந்தாது. மூன்று நாள் வெறும் வலையோடு வந்தவர் நான்காம் நாள் புறப்படுவதைப் பேராசை என்று சொல்ல உங்கள் பிள்ளைகளில் யாரும் ஒப்ப மாட்டார்கள். ஆக, உங்கள் பதில் கதையின் பின்பாதியில் நிற்கிறது, அவன் பதில் முன்பாதியில் நிற்கிறது. முடிவில் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து தூக்குகிறார்கள். "கடல்ல ஒருத்தர் மாட்டிக்கிட்டா எந்த ஊர்னு பாக்கக் கூடாது" என்று ஒரு பிள்ளை சொன்னால் அதுவும் சரியே. நீங்கள் அலுத்துப்போன "ஒற்றுமையே பலம்"கூட இந்த ஒரு கதைக்கு மட்டும் ஏறக்குறையப் பொருந்தித்தான் வருகிறது!

அந்தப் பையனிடம் இதைச் சீக்கிரம் சரிசெய்துவிடுங்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்வதைவிட வகுப்பு முன்னிலையில் சொல்வது நல்லது, ஏனென்றால் சிரித்தது வகுப்பு. "அன்னைக்கு நீ ஒண்ணு சொன்னியே, அதை நான் சரியா கேக்கலை. கதையை இன்னொரு தடவை சொல்றேன், உனக்குத் தோணுன இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லு." இவ்வளவு போதும்.

நீதியும் கருத்தும் ஒன்றா?

உங்கள் கடிதம் முழுக்க "நீதி", "மையக்கருத்து" இரண்டையும் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறீர்கள். நம் பள்ளிகளில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. பிள்ளைகள் குழம்புவதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

ஒரு கதையைப் பற்றி நாம் கேட்கக்கூடிய கேள்விகள் பல. எதைப் பற்றிய கதை? கடல், நட்பு, பசி என்று ஒரு சொல்லில் வரும். என்ன நடந்தது? நாலு வரியில் சம்பவம் வரும். நாம் என்ன செய்ய வேண்டும்? இதற்கு வருவது நீதி. "செய்", "செய்யாதே" என்று கட்டளையாக இருக்கும். கதை மனிதர்களைப் பற்றி, வாழ்க்கையைப் பற்றி என்ன காட்டுகிறது? இதற்கு முழு வாக்கியமாக வருவதே மையக்கருத்து. அதில் கட்டளை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

நீதிக்கதைகளில் கடைசி இரண்டும் ஒன்றாகவே இருக்கும். அதனால் அவற்றை மட்டும் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு எல்லாக் கதையும் தன்னைத் திருத்தவே சொல்லப்படுகிறது என்று தோன்றிவிடுகிறது. கதையைக் கவனிப்பதை விட்டுவிட்டு, டீச்சர் மனதில் என்ன பழமொழி இருக்கிறது என்று ஊகிக்கத் தொடங்கிவிடுகிறது. "ஒற்றுமையே பலம்" என்று எல்லாவற்றுக்கும் சொல்லும் பிள்ளை மந்தமான பிள்ளை என்று நினைக்காதீர்கள். எந்தப் பதில் அதிகம் தடவை "சபாஷ்" வாங்கியது என்று அது கணக்கு வைத்திருக்கிறது.

பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் வழியாக உங்கள் பள்ளிக்கு வந்திருக்கும் நுழை, நட, ஓடு, பற வரிசைச் சிறு புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். நீதி சொல்லி முடிக்காத கதைகளைத் தேடி எடுத்துத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பயிற்சிக்கு அவைதான் உதவும்.

வாசிக்க வரும்வரை காத்திருக்கலாமா?

வேண்டாம். எழுத்தைக் கூட்டி வாசிப்பது ஒரு திறன். கேட்டதைப் புரிந்து யோசிப்பது இன்னொரு திறன். இரண்டாவது திறன் பிள்ளை பள்ளிக்கு வரும் முன்பே தாய்மொழியில் வளரத் தொடங்கிவிடுகிறது. எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளையை "முதலில் வாசி, அப்புறம் யோசிக்கலாம்" என்று நிறுத்திவைத்தால், அது வருடக்கணக்கில் எழுத்தையும் சொல்லையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும். கதை என்பது வாசிக்கத் தெரிந்தவர்களுக்கானது என்ற எண்ணம் அதற்குள் இறங்கிவிடும். அப்புறம் எதற்காக வாசிக்கக் கற்க வேண்டும்?

அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் வளர்க்கும் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்கும், 2023இல் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பது வாசிப்புப் பயிற்சிக்காக. அந்தப் பிரிவைக் கதை பேசும் நேரத்துக்குக் கொண்டுவராதீர்கள். எல்லா நிலைப் பிள்ளைகளையும் கலந்து உட்காரவையுங்கள். நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், அவர்கள் பேசட்டும். அதே சமயம், வாய்மொழியில் நன்றாகப் பேசுகிறதே என்று எழுத்துப் பயிற்சியைத் தளர்த்திவிடவும் கூடாது. அது தினமும் தன் பாட்டுக்கு நடக்க வேண்டும்.

வயதுக்கு ஏற்ற எதிர்பார்ப்பும் வேண்டும். டார்சியா நார்வாயஸ் என்ற உளவியலாளர் 1999இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், ஒரே கதைகளை மூன்றாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். கதையின் கருத்தைப் பிடிப்பதில் மூன்றாம் வகுப்பினர் மிகவும் பின்தங்கினார்கள், ஐந்தாம் வகுப்பினர் ஓரளவு தேறினார்கள், பெரியவர்கள் பெரும்பாலும் சரியாகச் சொன்னார்கள். ஒரு கதையை நமக்குப் புரிகிற மாதிரியே பிள்ளைக்கும் புரிந்திருக்கும் என்று எண்ணிக்கொள்வது எவ்வளவு எளிது, எவ்வளவு தவறு என்று இது காட்டுகிறது. நான்காம் வகுப்புப் பிள்ளை சம்பவத்தை ஒட்டியே பேசினால் கவலைப்படாதீர்கள். அங்கிருந்து ஒரு படி ஏற்றிவிடுவதே உங்கள் வேலை.

ஒரு கதையைப் பிரித்துப் பார்ப்போம்

எப்படி ஏற்றிவிடுவது என்பதற்கு உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பொருளில் ஒரு சிறு கதை எழுதித் தருகிறேன். வகுப்பில் அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம்.

விடுமுறையில் கனி பாட்டியோடு பாசி எடுக்கப் போனாள். பாட்டி கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு குனிந்தார். பாறையில் மரிக்கொழுந்துப் பாசி அடர்ந்திருந்தது. பாட்டி மேல்பகுதியை மட்டும் கிள்ளினார், அடியை விட்டுவிட்டார். கனிக்குப் பை நிறையவே இல்லை. பாட்டி அந்தப் பக்கம் திரும்பியதும் அவள் அடியோடு பிடுங்கத் தொடங்கினாள். பை சீக்கிரம் நிறைந்தது. கரையில் எடை போட்டபோது கனிக்கு ஒரே பெருமை. அடியோடு வந்த பாசியை எடுத்துப் பார்த்த பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த விடுமுறைக்கு அதே பாறைக்கு வந்தார்கள். பாட்டி எடுத்த பக்கம் பாசி தழைத்திருந்தது. கனி எடுத்த பக்கம் வெறும் பாறை.

இதைச் சொல்லி முடித்ததும் "மையக்கருத்து என்ன?" என்று கேட்காதீர்கள். அது கடைசிக் கேள்வி. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் பணியாற்றிய ஜோவானா வில்லியம்ஸ், இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு கேள்வி வரிசையை வகுத்தார். அதை நம் வகுப்புக்குத் தோதாக இப்படிக் கேட்கலாம்:

இது முக்கியமாக யாருடைய கதை?
அவளுக்கு என்ன வேண்டியிருந்தது? என்ன சிக்கல்?
அவள் என்ன செய்தாள்? பிறகு என்ன ஆனது?
அது நல்லதாக முடிந்ததா, இல்லையா? ஏன் அப்படிச் சொல்கிறாய்?
அவள் இப்போது என்ன தெரிந்துகொண்டிருப்பாள்?
இது வேறு யாருக்கு, எப்போது பொருந்தும்?

நான்காவது கேள்வியில் அவசரப்படாமல் நில்லுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பிள்ளைகள் யோசிக்கும் அந்த அமைதி நமக்குச் சங்கடமாக இருக்கும், நாமே பதிலைச் சொல்லிவிடத் தோன்றும். சொல்லிவிட்டால் அன்றைய பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

முதலில் வரும் பதில் என்னவென்று என்னால் இப்போதே சொல்ல முடியும்: "பெரியவுக பேச்சைக் கேக்கணும்." இதைச் சரி என்றும் சொல்லாதீர்கள், தவறு என்றும் சொல்லாதீர்கள். "பாட்டி என்ன சொன்னாக?" என்று கேளுங்கள். பிள்ளைகள் கதையைத் துழாவுவார்கள். பாட்டி ஒன்றுமே சொல்லவில்லை. கேட்பதற்குப் பேச்சே இல்லாத கதையில் "பேச்சைக் கேக்கணும்" எப்படிக் கருத்தாகும்? பிள்ளைகளே அந்தப் பதிலைக் கைவிடுவார்கள். ஒருத்தி கேட்பாள்: "பாட்டி ஏன் டீச்சர் ஒண்ணும் சொல்லலை?" அதுதான் அன்றைக்கு நீங்கள் கேட்கக்கூடிய மிக நல்ல கேள்வி, அதைப் பிள்ளையே கேட்டுவிடும்.

அடுத்து "பாசியை அடியோட எடுத்தா மறுபடி வராது" என்று ஒருவன் சொல்வான். அது சரி, ஆனால் இன்னும் பாசியைவிட்டு வெளியே வரவில்லை. இப்போது ஒரு விளையாட்டாகச் சொல்லுங்கள்: "கனி, பாட்டி, பாசி, பாறை, இந்த நாலு வார்த்தையும் வராம அதையே சொல்லு பாப்போம்." முக்கி முனகி, "இன்னைக்கே எல்லாத்தையும் எடுத்தா நாளைக்கு இருக்காது" என்று வரும். கதையிலிருந்து கருத்துக்குப் போகும் படி அதுதான். பெயர்களை நீக்கிச் சொல்லவைக்கும் இந்த ஒரு உத்தியை மட்டும் நீங்கள் வருடம் முழுக்கச் செய்தால்கூடப் போதும். யாராவது "பாசி" என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்தினால், "பாசியைப் பத்திக் கதை என்ன சொல்லுது?" என்று வாக்கியத்துக்கு இழுங்கள்.

கடைசிக் கேள்விக்கு உங்கள் ஊரிலேயே விடை கிடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் ஏன் கரையில் கட்டிக் கிடக்கின்றன என்று கேளுங்கள். பாம்பன் வட்டாரத்தில் பாசி எடுக்கும் பெண்கள் மாதத்தில் 12 நாள்தான் கடலில் இறங்குவது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். உங்கள் வகுப்பிலேயே அவர்களின் பேத்திகள் இருக்கலாம். அரசு போட்ட தடையும் தாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடும் ஒன்றா என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், அன்றைக்குக் கணக்குப் பாடத்தைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள்.

இப்படி ஒரே கருத்துள்ள இரண்டு கதைகளை அருகருகே வைப்பது சிறு பிள்ளைகளுக்கு மிகவும் உதவும். சூசன் லேர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், பாலர் வகுப்புப் பிள்ளைகள்கூடக் கருத்தால் ஒத்த கதைகளைச் சேர்த்துக் காட்டினார்கள். அவர்கள் சொன்ன கருத்து பெரியவர்கள் சொல்வதுபோல் இல்லை, ஆனால் கதைக்குப் பொருந்தியே இருந்தது. உங்கள் வகுப்புப் பையன் கடனைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வருகிறதா?

அப்படியானால் எந்தப் பதிலும் சரியா?

இல்லை. இதில் தளர்ந்துவிட்டால் பிள்ளைகள் வாய்க்கு வந்ததைச் சொல்லப் பழகிவிடுவார்கள். பதிலுக்கு ஒரே அளவுகோல் கதைதான். கதையிலிருந்து ஒரு இடத்தைக் காட்ட முடிந்தால் பதில் நிற்கும். காட்ட முடியாவிட்டால் நிற்காது. கதையின் வேறொரு இடம் அதை மறுத்தால் திருத்திக்கொள்ள வேண்டும். நீங்கள் சொல்லும் பதிலுக்கும் இதே விதிதான் என்று பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

பழமொழிகளை ஒதுக்கச் சொல்லவில்லை. அவற்றை முடிவாக எழுதிப்போடாமல், சோதித்துப் பார்க்கக் கொடுங்கள். அந்த மீனவர் கதைக்கு "அலை எப்போ ஓய்வது, தலை எப்போ முழுகுவது" என்பதையும் "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எது பொருந்துகிறது என்று இரண்டு அணியாகப் பேசவிடுங்கள். புயல் கூண்டு ஏற்றியதும், கடலுக்குப் போக மீன்வளத் துறை அனுமதி டோக்கன் தராததும், அப்பா முணுமுணுத்துக்கொண்டே வலையை வைத்ததும் எல்லாம் அதில் வெளியே வரும். அப்படிப் பேசும் பிள்ளையிடம் "ஆதாரம் எங்கே?" என்று கேட்க நீங்கள் மறந்தாலும் எதிர் அணி மறக்காது.

புத்தகம் இல்லாத வீடு

இங்கே உங்களிடம் கொஞ்சம் மாறுபடுகிறேன். வீட்டில் புத்தகம் இல்லாததால் சொல்வளத்திலும் எழுத்துப் பழக்கத்திலும் பிள்ளைக்குக் குறை வரலாம். அதை ஈடுகட்டும் பொறுப்பு பள்ளிக்கு உண்டு. ஆனால் யோசிக்கும் திறனே வராது என்பது சரியில்லை. காற்று திரும்புவதை வைத்து நாளைய தொழிலைத் தீர்மானிக்கும் வீடுகள் அவை. கண்ணில் பட்டதிலிருந்து படாததை ஊகிப்பது அங்கே அன்றாடம் நடக்கிறது.

கதையும் அங்கே உண்டு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததைச் சொல்லக் கேட்டு வளர்ந்த தாத்தா பாட்டிகள் உங்கள் கரையில் இன்னும் இருக்கிறார்கள். "வீட்ல ஒரு கதை கேட்டுட்டு வா. சொன்னவுக அதை ஏன் உன்கிட்டச் சொன்னாகன்னும் கேட்டுட்டு வா" என்று வீட்டுப்பாடம் கொடுங்கள். இரண்டாவது கேள்வி முக்கியம். சொன்னவர் தரும் பதிலும் பிள்ளைக்குத் தோன்றுவதும் வேறாக இருந்தால் இன்னும் நல்லது.

குறைப்பட்ட அந்தத் தாயைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தன்று வகுப்பில் உட்காரவையுங்கள். ஒரு கதையைச் சொல்லி, அவர் பிள்ளை பேசுவதைக் கேட்கவிடுங்கள். கூடவே வாசிப்பில் பிள்ளை எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு வந்திருக்கிறது என்பதையும் காட்டுங்கள். அவர் பயம் நியாயமானது. பிள்ளைக்கு எழுதப் படிக்க வர வேண்டும் என்றுதான் அவர் கேட்கிறார்.

தலை குனிந்திருந்த பிள்ளை

அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, அவ்வளவுதான் தெரியும் என்கிற நிலை பிள்ளைக்கு மிகக் கடினமானது. வீட்டில் ஒருவர் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கலாம், இன்னொருவர் பேச்சையே எடுக்காமல் இருக்கலாம். பிள்ளை யாரையும் கேட்க முடியாமல் இருக்கும்.

கடல் கதைகளையே நிறுத்திவிடாதீர்கள். அந்த ஊரில் கடல் இல்லாத கதை ஏது? ஆனால் அப்படியொரு கதை சொல்லப்போகும் நாளில் முன்கூட்டியே அவளிடம் மெதுவாகச் சொல்லிவிடுங்கள். "இருக்கப் பிரியம்னா இரு, இல்லன்னா எனக்கு நூலகப் புத்தகம் அடுக்கித் தா." முடிவு அவளுடையது. வகுப்பு நடுவே "உனக்கு என்ன தோணுது?" என்று அவளிடம் கேட்கவே கேட்காதீர்கள். எழுதவோ வரையவோ விரும்பினால் விடுங்கள், அதைச் சுவரில் ஒட்ட வேண்டாம். அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள். தூக்கம், சாப்பாடு, பள்ளிக்கு வருவது, சேர்ந்து விளையாடுவது இவற்றில் மாற்றம் வாரக்கணக்கில் நீடித்தால் அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் உதவியைக் கேளுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பள்ளிக் கல்விக்கான உதவி எண் 14417. மனநல ஆலோசனைக்கு 14416. நீங்களே மருத்துவராக முயல வேண்டாம். அவள் நம்பிப் பேசக்கூடிய ஒரு பெரியவராக இருந்தாலே பெரிது.

தலைமையாசிரியரும் தேர்வும்

எழுதிப்போட்டு மனப்பாடம் செய்வதில் ஒரு லாபம் இருக்கிறது, மறுக்கவில்லை. பாடப்புத்தகக் கதையே வினாத்தாளில் வந்தால் பிள்ளைக்கு மதிப்பெண் கிடைக்கும். தெரியாத பத்தி ஒன்றைக் கொடுத்துக் கருத்தைக் கேட்டால் கையில் ஒன்றும் இருக்காது. வில்லியம்ஸ் குழுவினரின் 2002ஆம் ஆண்டு ஆய்வே ஒரு எச்சரிக்கை தருகிறது. கேள்வி வரிசையோடு முறையாகக் கற்ற பிள்ளைகள், கற்ற கருத்துகளைப் புதிய கதைகளில் நன்றாக அடையாளம் கண்டார்கள். ஆனால் வகுப்பில் தொடாத புதிய கருத்து வந்தபோது அந்தத் திறன் தானாக அங்கே தாவவில்லை. விளக்கிக் கற்றுக்கொடுத்தே இவ்வளவுதான் என்றால், வெறும் பட்டியலை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? ஆகவே பல வகைக் கதைகள் வேண்டும், அதுவும் வருடம் முழுக்க. சில வாரங்களில் பலன் தெரியும் என்று தலைமையாசிரியரிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அவரோடு மோத வேண்டியதில்லை. சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், போதும். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் பிரிவு 29, கற்றல் செயல்பாடு வழியாகவும் தேடிக் கண்டறிவதாகவும் இருக்க வேண்டும், பிள்ளை அச்சமின்றித் தன் கருத்தைச் சொல்ல உதவ வேண்டும் என்கிறது. பிரிவு 17 உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடுக்கிறது. பதில் சொன்ன பிள்ளையை மற்றவர்கள் சிரிக்கும்போது அங்கேயே நிறுத்துவது இந்தச் சட்டத்தின் மனதோடு சேர்ந்த வேலைதான்.

நடைமுறையில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: பாடப்புத்தகக் கதைகளுக்கு அவர் விரும்பும் குறிப்பு நோட்டில் இருக்கட்டும். ஆனால் அதைப் பிள்ளைகள் பேசி முடித்த பிறகே எழுதுவோம், நம் சொந்த வாக்கியத்தில் எழுதுவோம். ஒவ்வொரு கதைக்கும் நோட்டில் இரண்டு வரி: முதல் வரியில் கருத்து, இரண்டாம் வரியில் "கதையில் இதைக் காட்டும் இடம்". எழுத வராத பிள்ளை சொல்ல, பக்கத்துப் பிள்ளை எழுதலாம். வாரத்தில் ஒரு நாள் புத்தகத்தில் இல்லாத கதை. தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (பருவ இறுதித் தேர்வுக்கு) முன்பாக, யாரும் கேட்டிராத ஒரு சிறு கதையைக் கொடுத்து இந்த இரண்டு வரிகளை எழுதச் சொல்லி, அந்தத் தாள்களை அவர் மேசையில் வையுங்கள். நான்காம் வகுப்புக்கு முதல் பருவத்தில் சம்பவத்தை ஒட்டிய கருத்து வந்தாலே ஏற்றுக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பெயர்களை நீக்கிய வாக்கியத்தைக் கேளுங்கள்.